வெண்மை எது? – நியம வெண்மையின் வரலாறும் திரையின் நிறச்சாயலும்

கணினித் திரையொன்றிற் காணப்படும் வெண்மை உண்மையில் வெண்மைதானா என்னும் வினா, மேலெழுந்தவாரியாக நோக்குவோர்க்குத் தொழில்நுட்பவியலாளர் மட்டும் விடைகூற வேண்டிய சிறு வினாவாகவே தோன்றும். வெறுந்தாளைப்போல் வெளிறித் தோன்ற வேண்டிய பரப்பு, சற்றே நீலம் படர்ந்தோ மஞ்சள் தோய்ந்தோ செம்மை பூசியோ காணப்படுமாயின் அதனை நிறச்சாயல் என்பர். அச்சாயலை நீக்கித் திரையை ஒரு நியமத்துக்கு இசைவிக்கும் முயற்சி அளவுத்திருத்தம் எனப்படும். ஆயின், சாயல் என்பது எதனின்றும் விலகிய சாயல்? விலகலை அறிதற்கு விலகாத ஒன்று முன்னரே வரையறுக்கப்பட்டிருத்தல் வேண்டுமன்றோ? அந்த விலகாத ஒன்றாகிய நியம வெண்மை இயற்கையில் ஆயத்தமாகக் கிடைத்ததன்று. குறித்த ஆண்டுகளில், குறித்த இடங்களில், குறித்த சிலரின் கண்களை ஆதாரமாகக் கொண்டு மனிதர் அதனை வகுத்துக்கொண்டனர். அவ்வாறு வகுக்கப்பட்ட வரலாற்றையும், திரையிலே தோன்றும் சாயல்களை ஆராய்வோர்க்கு அவ்வரலாறு உணர்த்துவனவற்றையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அரியத்திலிருந்து மூவண்ணம் வரை

வெண்மை தூயது, கலப்பற்றது. நிறங்களே வெண்மையின் திரிபுகள் என்ற எண்ணம் ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலவிற்று. இவ்வெண்ணத்தைத் தகர்த்தவர் ஐசாக் நியூற்றன். அரியத்தினூடு செலுத்திய ஞாயிற்றொளி பல நிறங்களாகப் பிரிவதையும், பிரிந்த நிறங்களை மீண்டும் ஒருங்கு சேர்க்குமிடத்து வெண்மை தோன்றுவதையும் அவர் 1672 இல் இலண்டன் றோயல் கழகத்துக்கு அறிவித்தார். தூய்மையின் சின்னமாகக் கருதப்பட்ட வெண்மை, அன்றிலிருந்து கலவையாயிற்று.

இக்கருத்துக்கு எதிராக ஒல்லாந்து அறிஞர் கிறித்தியான் ஐகன்சு 1673 இல் எழுப்பிய தடை சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. வெண்மைக்கு எல்லா நிறங்களும் வேண்டுவதில்லை. மஞ்சளும் நீலமும் மாத்திரம் போதுமே என்பது அவர் வாதம். அவ்வாறு ஒரு வெண்மை உண்டாக்கப்படினும் அது தன் இயல்பில் ஞாயிற்றின் வெண்மையினின்றும் வேறுபட்டதாகவே இருக்கும் என்ற வகையில் நியூற்றனின் மறுமொழி அமைந்தது. கண்ணுக்கு ஒன்றெனத் தோன்றும் இரு வெண்மைகள் உள்ளமைப்பில் வேறாயிருக்கலாம் என்னும் இவ்வுண்மை, பிற்காலத்துச் சிக்கல்கள் பலவற்றுக்கும் வித்தாயிற்று. இன்றைய திரைகள் பலவற்றுக்குப் பின்னொளி தரும் வெண்ணிற ஒளியுமிழ் இருவாயி, நீல ஒளியும் அதனால் தூண்டப்படும் மஞ்சள் ஒளிர்பொருளும் சேர்ந்து வெண்மை தருவது. ஐகன்சு தருக்கமாகக் கூறியது மூன்று நூற்றாண்டுகளின் பின்னர் வணிகப் பண்டமாக வந்து நிற்கின்றது எனலாம்.

இவ்விரு வெண்மைகளும் கண்ணுக்கு ஏன் ஒத்துத் தோன்றுகின்றன என்பதற்கு விடை ஒளியிலன்று, கண்ணிலேயே கிடைத்தது. கண்ணில் மூவகை உணர்கருவிகள் மாத்திரமே இருத்தல் கூடும் என்ற கருத்தை 1801 இல் தோமசு யங் முன்வைத்தார். அதனைப் பரிசோதனையால் எண்களாக மாற்றியவர் ஜேம்சு கிளாக் மக்சுவெல். செம்மை, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் தக்க அளவிற் கலந்து பிற நிறங்களை ஒப்பிக்கலாம் என அவர் காட்டினார். 1861 இல் இலண்டன் றோயல் நிறுவனத்தில், மூன்று வடிகட்டிகளினூடு எடுத்த மூன்று ஒளிப்படங்களை ஒன்றன்மீது ஒன்றாக வீழ்த்தி வண்ணப்படமொன்றைத் தோற்றுவித்தார். இன்றைய கணினித் திரையும் அம்மூன்றொளி முறையின் வழிவந்ததேயாகும்.

மக்சுவெல் 1860 இல் வெளியிட்ட ஆய்வில் இன்னுமொரு செய்தி உண்டு. அளவீடுகள் இருவருடைய கண்களால் எடுக்கப்பட்டன. ஒருவர் மக்சுவெல், மற்றவர் அவர் துணைவியார் கதறின். ஒரே வெண்மையை ஒப்பிக்க இருவரும் மூவண்ணங்களை ஒரே அளவிற் கலக்கவில்லை. விழித்திரையின் நடுவிலுள்ள மஞ்சட் பொட்டு ஆளுக்காள் வேறுபடுவதை மக்சுவெல் இதற்குக் காரணமாகக் காட்டினார். நிற அளவையியல் பிறந்தபோதே, ஒரே இல்லத்து இருவருக்கிடையில் வெண்மை பற்றிய கருத்தொருமை இல்லாதிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

2. பதினேழு நோக்குநர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வேறுபாடு ஆய்வுகூடத்துக்குள் அடங்கி நிற்கவில்லை. மின்குமிழ், சாயம், தாள், சைகைக் கண்ணாடி ஆகியவற்றை உற்பத்தி செய்தோர்க்கும் வாங்கினோர்க்கும் நிறத்தை எண்ணாற் குறிக்கும் பொதுமொழி தேவைப்பட்டது. அத்தேவையை நிறைவுசெய்ய 1920களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் இருவர் தனித்தனியே முற்பட்டனர். டேவிட் றைற் பத்துப்பேரைக் கொண்டும், தேசியப் பௌதிக ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜோன் கில்டு எழுவரைக் கொண்டும் நிற ஒப்புமைகளை அளந்தனர். கருவிகள் வேறாயிருந்தும் முடிவுகள் வியக்கத்தக்க அளவுக்கு இணங்கி நின்றன. சர்வதேச ஒளியூட்டல் ஆணைக்குழு 1931 இல் கேம்பிரிட்சிற் கூடியபோது இவ்விரு தொகுதிகளையும் இணைத்து ‘நியம நோக்குநர்’ என்னும் கருத்துருவை ஏற்றுக்கொண்டது.

இந்நியம நோக்குநர் பதினேழு பேரின் அளவீடுகளைச் சராசரியாக்கியதாற் பிறந்த கற்பனை மனிதர். இரு பாகை அகலமுள்ள சிறு பரப்பை மட்டும் பார்ப்பவர்; மூப்பு அடையாதவர்; களைப்பு அறியாதவர். உயிருள்ள எவரும் அவரை முற்றாக ஒத்திருப்பதில்லை. எனினும் அவர் கண்ணாலேயே இன்றும் உலகின் பெரும்பாலான திரைகள் அளக்கப்படுகின்றன.

அதே கூட்டத்தில் மூன்று நியம ஒளிகளும் வகுக்கப்பட்டன. மின்குமிழொளியைக் குறிப்பது ஏ. நண்பகல் ஞாயிற்றின் நேரொளியைக் குறிப்பது பி. சராசரிப் பகலொளியைக் குறிப்பது சி. இவற்றின் நிறத்தைக் கெல்வின் அளவாற் கூறுதல் வழக்கம். சூடேறும் கரும்பொருள் முதலிற் செம்மையாகவும், பின்னர் மஞ்சளாகவும், அதன்மேல் வெண்மையாகவும், மிகு வெப்பத்தில் நீலம் படர்ந்தும் ஒளிர்வதால், ஒளியின் சாயலை வெப்பநிலை எண்ணாற் குறிக்க இயலும். எண் குறையின் மஞ்சட் சாயலும், எண் கூடின் நீலச் சாயலும் மிகும். ஏ ஏறத்தாழ 2856 கெல்வின். சி ஏறத்தாழ 6774 கெல்வின். ஆகவே 1931 ஆம் ஆண்டிலேயே ‘வெண்மை’ ஒன்றன்று, மூன்று.

நியம நோக்குநரிடம் குறையும் இருந்தது. நிறமாலையின் நீல, ஊதா முனையில் அவர் கண்ணின் உணர்திறன் உண்மைக்குக் குறைவாக மதிப்பிடப்பட்டது என்பதை அமெரிக்கரான டீன் ஜட் 1951 இற் சுட்டிக்காட்டித் திருத்தமொன்றை முன்மொழிந்தார். 1959 இல் இங்கிலாந்தில் சுரைல்சும் பேர்ச்சும் 49 நோக்குநரைக் கொண்டு பத்துப் பாகைப் பரப்பில் அளந்தனர். அவ்வளவீடுகளையும் சோவியத்து ஆய்வாளர் சுபெரான்சுகாயாவின் அளவீடுகளையும் கொண்டு 1964 இல் இரண்டாவது நியம நோக்குநர் ஏற்கப்பட்டார். எனினும் முன்னவர் ஓய்வுபெறவில்லை. அட்டவணைகளும் கருவிகளும் தொழிற்சாலைகளும் அவரைச் சுற்றியே அமைந்துவிட்டன. குறை தெரிந்தபின்னும் ஒரு நியமம் நிலைபெறுவதற்கு அதன் உண்மை மட்டுமன்று, அதன்மேற் கட்டப்பட்ட மாளிகையும் காரணமாகின்றது.

3. பகலொளியைத் தேடி

1953 இன் இறுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் வண்ணத் தொலைக்காட்சிக்கான நியமத்தை ஏற்றபோது, அதன் வெண்மையாகச் சி ஒளியே கொள்ளப்பட்டது. நடைமுறை வேறுவழிச் சென்றது. மிகுந்த பிரகாசம் தரும் ஒளிர்பொருள்களையே உற்பத்தியாளர் விரும்பினர். கறுப்பு வெள்ளைத் திரைகளின் நீலம் படர்ந்த வெண்மைக்கு மக்கள் கண்கள் முன்னரே பழகியிருந்தன. யப்பானில் ஏறத்தாழ 9300 கெல்வின் வெண்மையே வழக்காயிற்று. பின்வந்த கணினித் திரைகள் பலவும் அதனையே தம் இயல்புநிலையாகக் கொண்டு வந்தன. 6500 கெல்வினுக்குப் பழகியவர் அத்திரையைப் பார்ப்பின் நீலச் சாயல் என்பர். 9300 கெல்வினுக்குப் பழகியவர் மற்றதைப் பார்ப்பின் மஞ்சட் சாயல் என்பர். இருவரும் தத்தம் நிலையிற் சரியே கூறுகின்றனர்.

சி ஒளி மின்குமிழொளியை வடிகட்டிப் பெறப்பட்டதாகலின், உண்மைப் பகலொளியிலுள்ள புறவூதாக் கூறு அதில் போதியளவு இருக்கவில்லை. எனவே ஜட், மக்கடம், விசெக்கி ஆகிய மூவரும் 1964 இல் பகலொளியைப் புதிதாக வரையறுக்க முற்பட்டனர். அவர்கள் ஆதாரமாகக் கொண்டவை 622 அளவீடுகள். அவை அமெரிக்காவின் றொச்செஸ்ரர், கனடாவின் ஒட்டாவா, இங்கிலாந்தின் என்பீல்ட் ஆகிய மூன்று இடங்களில் எடுக்கப்பட்டவை. இதன் பேறாகப் பிறந்ததே இன்று திரைகளின் நியம வெண்மையாக விளங்கும் டி65. வெப்பவலய வானத்தின் ஒளி அத்தொகுதியில் இடம்பெறவில்லை. தில்லியிலும் பிரித்தோரியாவிலும் எடுத்த பகலொளி அளவீடுகள் 1960களின் பிற்பகுதியிலேயே வெளிவந்தன. அதற்குள் நியமத்தின் அடித்தளம் இடப்பட்டுவிட்டது.

டி65 இன் பெயர் 6500 கெல்வினைக் குறிப்பது. ஆயின் அதன் வெப்பநிலை இன்று ஏறத்தாழ 6504 கெல்வின் என்றே கூறப்படுகின்றது. ஒளி மாறவில்லை, கணிப்பிற் பயன்படும் பௌதிக மாறிலியொன்றின் ஏற்கப்பட்ட பெறுமானம் 1968 இல் திருத்தப்பட்டமையால் எண் மாறிற்று. நான்கு கெல்வின் கண்ணுக்குப் புலப்படாத வேறுபாடே. எனினும் நியமம் எனப்படுவதும் காலத்தின் கையிலுள்ளது என்பதற்கு இது சிறுசான்றாகும்.

4. திரையிற் சாயல் தோன்றும் வழிகள்

மேற்கூறிய வரலாற்றின் ஒவ்வொரு படிநிலையும் கணினித் திரையில் ஒவ்வொரு வகைச் சாயலாக எஞ்சி நிற்கின்றது. சாயல் எங்கே, எந்நிலையிற் காணப்படுகின்றது என்பதே அதன் மூலத்தை அறியும் முதல் வழி.

கதோட்டுக் கதிர்க் குழாய்த் திரைகளில் மூவண்ணத்துக்கும் மூன்று இலத்திரன் துப்பாக்கிகள் இருந்தன. கருஞ்சாம்பற் படிகளில் மட்டும் சாயல் தோன்றின், துப்பாக்கிகள் ஒளிரத் தொடங்கும் எல்லைகள் ஒன்றற்கொன்று இணங்காமை காரணம். வெளிர்ப் படிகளில் மட்டும் தோன்றின், அவற்றின் பெருக்கத்தில் ஏற்றத்தாழ்வு உண்டு. இடைப்படிகளிற் தோன்றின், மூன்றும் வளரும் வளைவுகள் வேறுபட்டன. ஒரு மூலையில் மட்டும் ஊதாவோ பச்சையோ படரின், குற்றம் நிறத்தினதன்று, காந்தத்தினது. அருகிலுள்ள ஒலிபெருக்கியும், ஏன் புவியின் காந்தப்புலமுங்கூட இலத்திரன் கற்றையை வழிபிறழச் செய்யும். வட அரைக்கோளத்துக்கும் தென் அரைக்கோளத்துக்கும் வெவ்வேறாகத் திரைகள் ஆக்கப்பட்டமை இதனாலேயே.

தட்டைத் திரைகள் வந்தபின் காந்தச் சிக்கல் ஒழிந்தது. வேறு சிக்கல்கள் புகுந்தன. வண்ண வடிகட்டி கொண்டு அளக்கும் கருவி ஒருவகைப் பின்னொளிக்கென இசைவிக்கப்பட்டதாயின், வேறுவகைப் பின்னொளியின்முன் பிழையான எண்ணைத் தரும். அப்பிழையை நம்பித் திருத்திய திரை, திருத்தத்தாலேயே சாயல் பெறும். மிக மங்கிய படிகளைக் கருவி நம்பகமாக அளக்க மாட்டாமையால் நிழற்பகுதிகளில் செம்மையோ பச்சையோ தலைகாட்டும். நிறம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகளே உள்ளவிடத்து, பெருந்திருத்தம் செய்யின் சில படிகள் இழக்கப்பட்டுச் சாம்பற் பரப்பில் வண்ணக் கீற்றுகள் தோன்றும். ஆகவே, திரையின் சொந்தக் கட்டுப்பாடுகளால் இயன்றவரை அணுகியபின் எஞ்சியதை மட்டும் மென்பொருளால் திருத்துவதே முறை.

மென்பொருளும் வரலாறுடையது. 1993 இல் நிறுவனங்கள் எட்டு இணைந்து சர்வதேச நிறக் கூட்டமைப்பை அமைத்து, ஒவ்வொரு கருவியின் நிற இயல்பையும் விவரிக்கும் கோப்புக்குப் பொதுவடிவம் வகுத்தன. 1996 இல் கியூலெற் பக்காட்டும் மைக்றோசொவ்ற்றும் எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் நிறவெளியை முன்மொழிந்தன. 1999 இல் அது சர்வதேச நியமமாயிற்று. அதன் வெண்மை டி65. ஆனால் நிறக் கூட்டமைப்பின் கோப்புகள் இணைப்புக்குக் கொள்ளும் வெண்மையும், அச்சகத்தார் தாளைப் பார்க்கும் ஒளியும் டி50, அதாவது ஏறத்தாழ 5000 கெல்வின். டி50 ஒளியில் வைத்த தாளின் அருகே டி65 திரையை நிறுத்தின், திரை நீலமாகத் தோன்றும். இரண்டிலும் குற்றமில்லை, இரு மரபுகள் ஒரே மேசையில் சந்தித்தன, அவ்வளவே. பழைய திருத்தக் கோப்பை ஒரு நிரலும் புதியதை மற்றொரு நிரலும் ஏற்றுவதால் இருமுறை திருத்தம் பெற்ற திரை எதிர்ச்சாயல் கொள்வதும், மாலையில் நீலத்தைக் குறைக்கும் நிரலை நிறுத்த மறந்து மஞ்சட் சாயலின் காரணத்தைப் பிறவிடங்களிற் தேடுவதும் இத்துறையில் அடிக்கடி நேர்வன.

இவற்றுக்கெல்லாம் அப்பால் கண் நிற்கின்றது. ஒளிக்கு ஏற்பக் கண் தன்னைத்தானே இசைவித்துக்கொள்ளும் இயல்பை யொகான்னசு வொன் கிறீசு 1902 இல் விதியாக வகுத்தார். இதனாற் சாயலுள்ள திரையையும் சிறிது நேரத்தில் வெண்மையெனவே மனம் கொள்கின்றது, பிழை மறைகின்றது. மாறாக, அறையின் மின்குமிழ் மஞ்சளாயின் பிழையற்ற திரையும் நீலமாகத் தெரிகின்றது. 2015 பெப்ரவரியில் உலகெங்கும் பரவிய ஆடையொன்றின் ஒளிப்படம் இதற்குத் தக்க சான்று. அருகருகே இருந்து ஒரே திரையைப் பார்த்தவர்களுள் சிலர் அதனை நீலமும் கறுப்பும் என்றனர். சிலர் வெண்மையும் பொன்னும் என்றனர். ஆடை நீலமும் கறுப்புமே. ஒளி எத்தன்மையது என ஒவ்வொருவர் மூளையும் தனக்குள் கொண்ட ஊகமே வேறுபட்டது. ஆதலால், திரையை அரைமணி நேரமாவது ஒளிரவிட்டு, அறையொளியை ஒருநிலைப்படுத்தி, பின்னரே கருவியால் அளத்தல் வேண்டுமென்பர். இத்தனைக்கும் பின்னர், எண்ணளவில் ஒத்த இரு திரைகள் கண்ணுக்கு ஒவ்வாமையும் உண்டு. ஒடுங்கிய அலைநீளப் பட்டைகளாக ஒளி உமிழும் புதிய திரைகளின் முன் 1931 இன் நியம நோக்குநர் தடுமாறுகின்றார். 1951 இல் ஜட் சுட்டிய குறை, புறக்கணிக்கப்பட்ட கடனைப்போல் வட்டியோடு திரும்பி வந்துள்ளது.

5. அட்டையில் இருந்த முகம்

நியமம் எவரை நடுவாகக் கொள்கின்றது என்பது வெறும் கணக்கன்று என்பதை ஒளிப்படத்துறை தெளிவாகக் காட்டுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, வண்ணப் படங்களை அச்சிடும் ஆய்வுகூடங்கள் சாயல் நீக்குதற்கு மாதிரி அட்டைகளைப் பயன்படுத்தின. கொடாக் நிறுவனம் வழங்கிய அட்டைகளில் வெள்ளை இனப் பெண்ணொருத்தியின் முகமே இருந்தது. முதன்முதல் மாதிரியாக நின்றவரின் பெயரால் அவை ‘சேர்லி அட்டைகள்’ எனப்பட்டன. அம்முகத்தின் மேனிநிறம் பிசகின்றி வருமாறு இயந்திரங்கள் சீர்செய்யப்பட்டன. ஒரே படத்தில் வெளிர்மேனியரும் கருமேனியரும் இருப்பின், முன்னவர் முகம் தெளிவுற அமைய, பின்னவர் முகம் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும் நிழலாயிற்று.

கனடிய ஆய்வாளர் லோர்னா றொத் 2009 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்தது. கபில நிறங்களைப் பிரித்துக்காட்டும் திறன் படச்சுருளில் மேம்பட வேண்டுமென வற்புறுத்தியோருள் சொக்கலேற் உற்பத்தியாளரும் மரத்தளபாடம் விற்போரும் இருந்தனர் என அவ்வாய்வு கூறுகின்றது. மனித முகங்கள் பெற்றுத்தராத கவனத்தை மரப்பலகையும் இனிப்பும் பெற்றுத்தந்தன என்பது சிந்தனைக்குரியது. பல மேனிநிறத்தவரைக் கொண்ட அட்டைகள் 1990களிலேயே வந்தன.

இங்கே ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. எவரும் திட்டமிட்டுக் கருமேனியை மறைக்க முற்பட்டனர் என்பதற்கு அட்டை சான்றாகாது. ஆய்வுகூடத் தொழிலாளி தன் கடமையைச் செவ்வனே செய்தார். அட்டையிலுள்ள முகம் சரியாக வந்தது. எனவே இயந்திரமும் சரி என முடிவுசெய்தார். நியமத்தின் ஆற்றலும் ஆபத்தும் இதிலேயே அடங்கியுள்ளன. நியமத்திலிருந்து விலகியது பிழையென உடனே தெரிகின்றது. நியமத்திலேயே அடங்கிய விலகல் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

6. முடிவுரை

இதனால் நியமங்கள் யாவும் பொய். வெண்மை அவரவர் மனம்போன்றது என்று முடிவு கொள்ளுதல் பொருந்தாது. நோயாளியின் உடற்படத்தைக் காணும் மருத்துவருக்கும், ஓவியத்தின் படியை அச்சிடுவோருக்கும், பழைய திரைப்படத்தை மீட்டெடுப்போருக்கும் பொதுவான அளவுகோல் இன்றியமையாதது. பதினேழு பேரின் சராசரியேயாயினும், அது இல்லாதவிடத்து வலியவர் கண்ணே அளவுகோலாகும். மேலும், 1931 இன் நியமத்திடம் போற்றத்தக்க பண்பு ஒன்றுண்டு. எத்தனைபேர், எவ்வளவு பரப்பு, எவ்வகை ஒளி என்பவற்றை அது மறைக்கவில்லை. அதனாலேயே ஜட் அதன் குறையைச் சுட்ட முடிந்தது. சுரைல்சும் பேர்ச்சும் மீண்டும் அளக்க முடிந்தது. சேர்லி அட்டையோ தான் தெரிவுசெய்த முகத்துக்குக் காரணம் எதனையும் எழுதி வைக்கவில்லை. முன்னது வினவப்படக்கூடிய நியமம். பின்னது வினவப்படாது ஏற்கப்பட்ட வழக்கம்.

எனவே, திரையில் நிறச்சாயல் கண்டவிடத்துக் கருவியை ஆராய்தல் முதற்படி. அறையொளியை ஆராய்தல் இரண்டாம் படி. தன் கண் பழகிய பழக்கத்தை ஆராய்தல் மூன்றாம் படி. எந்த வெண்மைக்கு இத்திரை இசைவிக்கப்படுகின்றது, அவ்வெண்மையை வகுத்தோர் யாவர், அவர் அளவீட்டில் இடம்பெறாதோர் யாவர் எனக் கேட்டல் நான்காம் படியாகும். முதல் மூன்றும் தொழில்நுட்பவியலாளர்க்கு உரியன. நான்காவது வரலாற்று மாணவர்க்கும் உரியது. றொச்செஸ்ரரிலும் ஒட்டாவாவிலும் என்பீல்டிலும் ஒருகால் வானத்தை நோக்கி நிறுத்தப்பட்ட கருவிகள் கண்ட பகலொளியே இன்றும் உலகெங்கும் மேசைத் திரைகளில் வெண்மையெனப் பெயர்பெற்று ஒளிர்கின்றது. அதனை ஏற்றுப் பயன்படுத்துவதில் தவறில்லை. அது எவ்வாறு வந்தது என அறிந்து ஏற்பதே அறிவுடைமையாகும்.